சிறு தொழில் சங்கத்தைக் காலூன்ற வைப்பது எப்படி: ஓர் அலுவலக மேசையிலிருந்து

"புதுசாகச் சங்கம் ஆரம்பித்திருக்கிறோம், எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டு வருகிறார்கள். "இருபது வருஷச் சங்கம், படுத்துக் கிடக்கிறது, எப்படி எழுப்புவது?" என்றும் வருகிறார்கள். இரண்டு பேரிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு உங்கள் சங்க நம்பருக்குக் கூப்பிட்டால் போனை யார் எடுப்பார்கள்?

தலைவர் எடுப்பார் என்றால், அந்த நேரத்தில் அவர் தன் பட்டறையில் மெஷின் சத்தத்துக்கு நடுவே நிற்பார். செயலாளர் என்றால், அவர் பேங்கிலோ பார்ட்டியைப் பார்க்கவோ போயிருப்பார். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் தொழில் இருக்கிறது. ஆனால் கஷ்டத்தோடு கூப்பிடுகிற உறுப்பினர் இரண்டு தடவைதான் கூப்பிடுவார். மூன்றாவது தடவை கூப்பிட மாட்டார், அடுத்த வருஷம் சந்தாவும் கட்ட மாட்டார்.

நான் கோவை கணபதிப் பக்கம் ஒரு சிறு சங்கத்தில் 2004-ல் கணக்கு எழுதச் சேர்ந்தவள். உறுப்பினர்கள் எல்லாம் ஜாப் ஒர்க் செய்கிறவர்கள். லேத், மில்லிங், கியர் கட்டிங், பிறகு வந்த சிஎன்சி, விஎம்சி என்ற கம்ப்யூட்டர் மெஷின்கள். பம்ப் கம்பெனிக்கும் மில் மெஷின் கம்பெனிக்கும் உதிரிப் பாகம் கடைந்து கொடுத்துக் கூலி வாங்குகிறவர்கள். இத்தனை வருஷத்தில் ஏழு தலைவர்களைப் பார்த்துவிட்டேன். ஒருவருக்கு அமைச்சர் வரை பழக்கம் இருந்தது, இன்னொருவர் மேடையில் பேசினால் கூட்டமே எழுந்து நிற்கும். அவர்கள் போன பிறகும் சங்கத்தில் மிச்சம் இருந்தது மேசையும், அதில் இருந்த காகிதங்களும்தான். அதனால் சங்கத்தைப் பலப்படுத்துவது என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த மேசை நினைவுதான் வரும்.

முதலில் பெயர்ப் பதிவேடு

நான் சேர்ந்தபோது பச்சை அட்டை போட்ட ஒரு லெட்ஜர் இருந்தது. அதில் 412 பெயர். வருஷா வருஷம் பொதுக்குழுவுக்குக் கார்டு போட்டால் கால்வாசி திரும்பி வரும். செயலாளரிடம் கேட்டு, ஒரு மாதம் மதியம் மட்டும் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டேன். சிலர் இறந்திருந்தார்கள். சிலர் பட்டறையை மூடிவிட்டு ஊருக்குப் போயிருந்தார்கள். ஒரு நம்பரில் மகன் எடுத்து, "அப்பா போய் நாலு வருஷம் ஆச்சுங்க, இப்ப நான்தான் பாத்துக்கறேன், சங்கத்துல இருந்து யாரும் கேக்கவே இல்லைங்களே" என்றார். அந்தப் பையன் இன்று எங்கள் பொருளாளர்.

முடிவில் உயிரோடு இருந்தது 231 பட்டறைகள். தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. 412 என்று சொல்வது கௌரவமாக இருந்தது. ஆனால் 231 பேரில் யாரிடம் என்ன மெஷின், எத்தனை ஆள், எவ்வளவு கரண்ட் லோடு, ஜிஎஸ்டி உண்டா, உதயம் என்கிற மத்திய அரசின் சிறு தொழில் பதிவு உண்டா என்று தெரிந்திருப்பது வேறு பலம். கலெக்டர் அலுவலகத்தில் "உங்கள் பகுதியில் எத்தனை பட்டறை பெண்கள் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டபோது அங்கேயே பதில் சொல்ல முடிந்தது.

நீங்களும் இதிலிருந்தே ஆரம்பியுங்கள். எக்செல் தெரிந்தால் எக்செல், தெரியாவிட்டால் நோட்டு. ஆளுக்கு ஒரு வரி, வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் போயோ போனிலோ சரிபார்ப்பு. வாட்ஸ்அப் குழுவைப் பதிவேடு என்று நினைத்துவிடாதீர்கள். அதில் இருப்பவர்களில் பாதிப்பேர் உறுப்பினரே இல்லை.

சம்பளம் சந்தாவிலிருந்து வர வேண்டும்

பணத்தைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அலுவலக ஆளின் சம்பளமும் வாடகையும் போன் பில்லும் சந்தாவிலிருந்தே வர வேண்டும். கண்காட்சி, டைரி விளம்பரம், ஸ்பான்சர், அரசு உதவி எல்லாம் நிகழ்ச்சிகளுக்குப் போகட்டும். ஸ்பான்சர் பணத்தில் சம்பளம் கொடுத்த சங்கங்களில், ஸ்பான்சர் நின்றதும் முதலில் போனது அந்த ஆள்தான். ஆள் போனதும் பழைய காகிதம் எங்கே என்று யாருக்கும் தெரியாமல் போனது.

முழு நேரத்துக்கு ஆள் வைக்க முடியாதா? பக்கத்துச் சங்கத்தோடு சேர்ந்து ஒருவரை வையுங்கள், காலையில் அங்கே, மதியம் இங்கே. சந்தா கேட்கும் மாதத்தையும் யோசியுங்கள். ஜூனில் எல்லோருக்கும் பள்ளிக் கட்டணம். ஆயுதபூஜையிலிருந்து தீபாவளி வரை போனஸ். எங்களுக்குப் பொங்கல் முடிந்த வாரம் சரிப்பட்டது. ரசீதை அன்றே கொடுத்துவிடுங்கள். "ரசீது அப்புறம் வரும்" என்று சொல்கிற சங்கத்தில் அடுத்த வருஷம் பணமும் அப்புறம்தான் வரும்.

பாக்கி வசூல்: மஞ்சள் பையில் வந்த டிசி

உறுப்பினர் சந்தா கட்டுவது எதற்காக? பொதுப் பிரச்சினைக்குக் குரல் கொடுக்க என்று மேடையில் சொல்கிறோம். ஆனால் ஒருவர் நம்பிக்கையோடு சங்கத்துக்குள் வருவது தன் சொந்தப் பிரச்சினைக்குத்தான். எங்கள் தொழிலில் அது பெரும்பாலும் பாக்கிதான்.

கியர் கட்டிங் செய்யும் ஒரு பெரியவர் ஒரு நாள் மஞ்சள் பையோடு வந்தார். மேசையில் கொட்டினார், பதினாலு டெலிவரி சலான் (பொருள் அனுப்பியதற்கான சீட்டு, சுருக்கமாக டிசி). ஆறு மாதப் பாக்கி, ஒரே கம்பெனி. "அம்மிணி, இதுக்கு ஏதாச்சும் பண்ண முடியுமுங்களா?" என்றார். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எண்ணெய்க் கறை படிந்த கைரேகை இருந்தது. பொருளை வாங்கிக்கொண்டவரின் கையெழுத்து மூன்றில்தான் இருந்தது, முத்திரை ஒன்றில்கூட இல்லை.

சட்டம் அவர் பக்கம்தான். குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 2006-ன்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் பொருளை ஏற்றுக்கொண்டதிலிருந்து 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. குறு, சிறு தொழில்களின் பாக்கித் தகராறைத் தீர்க்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் புகார் செய்யலாம். 2017-லிருந்து மத்திய அரசின் சமாதான் இணையதளத்தில் ஆன்லைனிலேயே செய்யலாம். கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக நினைக்கும் கம்பெனி, தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இத்தனை இருந்தும், பொருள் எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்று காட்டக் காகிதம் இல்லாவிட்டால் வழக்கு தொடக்கத்திலேயே தள்ளாடும். வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் பொருள் போய்ச் சேர்ந்த நாள்தான் ஏற்றுக்கொண்ட நாள். அந்த ஒரு தேதிக்காகத்தான் முத்திரை.

அதற்குப் பிறகு சங்கத்தில் நாங்களே டிசி புத்தகம் அச்சடித்தோம். மேலே உதயம் பதிவு எண்ணுக்கு ஓர் இடம். கீழே வாங்கிக்கொண்டவர் பெயர், தேதி, முத்திரைக்குப் பெரிய கட்டம். கார்பன் வைத்து மூன்று நகல். அச்சுக் கூலிக்கே உறுப்பினருக்குக் கொடுத்தோம். சங்கம் செய்ததில் எது உபயோகம் என்று உறுப்பினர்களைக் கேட்டால் இன்றும் பலர் அந்தப் புத்தகத்தைத்தான் சொல்கிறார்கள்.

இன்னொரு பாடம் கசப்பானது. ஒரு தடவை ஒரு கம்பெனிக்குச் சங்கக் கடிதத் தாளில், எங்கள் உறுப்பினர் இன்னாருக்கு இவ்வளவு பாக்கி என்று பெயர் போட்டே எழுதினேன். பணம் வந்தது, ஆனால் அவருக்கு அடுத்த மாதத்திலிருந்து ஜாப் வருவது நின்றுவிட்டது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன் என்றாலும் அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இப்போது நாங்கள் செய்வது இப்படி: யாருக்கு எந்தப் பார்ட்டியிடம் பாக்கி என்று அலுவலகத்தில் ஒரு தனி நோட்டு, பூட்டிய டிராயரில். ஒரே கம்பெனி மேல் நாலைந்து பேர் சேர்ந்ததும், ஆள் பெயர் இல்லாமல், "எங்கள் உறுப்பினர்கள் சிலருக்கு 45 நாளைத் தாண்டிய பாக்கி இருக்கிறது" என்று அவர்கள் கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம். கூடவே வருமான வரிச் சட்டத்தில் இதற்கான பிரிவை (1961-ம் வருஷச் சட்டத்தில் 43பி(எச்)) நினைவூட்டி ஒரு வரி. 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து, குறு, சிறு தொழில்களுக்குக் காலத்தில் கொடுக்காத பணத்தை வாங்கியவர் அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. முதலாளியை அசைக்காத கடிதம், அவருடைய ஆடிட்டரை அசைத்துவிடும். அதற்கும் மசியாவிட்டால்தான், உறுப்பினர் சம்மதித்தால், சமாதான். பாக்கிக்காரர் பெயரை வாட்ஸ்அப்பில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

உதயம் பதிவை சப்ளைக்கு முன்பே செய்திருப்பதுதான் பாதுகாப்பு, பாக்கி விழுந்த பிறகு பதிந்தால் சிக்கல். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு லேப்டாப் வைத்து முகாம் போட்டால் முப்பது நாற்பது பேருக்கு முடித்துவிடலாம்.

மனுவில் பில் இருக்க வேண்டும்

2022-ல் தமிழ்நாட்டில் மின் கட்டணம் உயர்ந்தபோது, சிறு பட்டறைகளுக்கு நிலைக் கட்டணம் ஏறியது. காலையும் மாலையும் உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் என்றும் வந்தது. முடிவெடுக்கும் முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆகஸ்டில் கோவையிலும் கருத்துக் கேட்டது. பல சங்கங்கள் போயின. "தொழில் அழிந்துவிடும்" என்று உணர்ச்சியோடு பேசினார்கள். பேசியது உண்மைதான், ஆனால் அதை அதிகாரி எழுதிக்கொள்ள முடியாது.

எங்கள் கமிட்டியில் ஓர் இளைஞர் சொன்ன யோசனை: எல்லோரிடமும் இபி பில் வாங்குவோம். வாட்ஸ்அப்பில் கேட்டோம். வந்த போட்டோக்களில் பாதி மங்கல், பாதியில் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. சரி, நேரில் போவோம் என்று பி.காம் படிக்கும் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு ஒரு வாரம் தெருத் தெருவாகப் போனேன். இணைப்பு எண், அனுமதித்த லோடு, யூனிட், நிலைக் கட்டணம் பழையது, புதிது. நூறு பில்லைத் தாண்டியதும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதிகம் அடி வாங்குவது பெரிய பட்டறை இல்லை. லோடு நிறைய வாங்கி வைத்து, ஆர்டர் இல்லாமல் மெஷினைப் பாதி நேரம் நிறுத்தி வைத்திருக்கும் நடுவாந்தரப் பட்டறைதான். மெஷின் ஓடாவிட்டாலும் நிலைக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஒரே பக்கத்தில், மூன்று நிஜ பில்களின் நகலோடு கொடுத்தோம்.

கட்டண உயர்வு அப்போது நின்றுவிடவில்லை. 2023 செப்டம்பரில் மாநிலம் முழுக்கச் சிறு தொழில் சங்கங்கள் சேர்ந்து கதவடைத்தன. அந்த வருஷக் கடைசியில் உச்ச நேரக் கூடுதல் 25-லிருந்து 15 சதவீதமாக இறங்கியது. அது எங்கள் ஒரு பக்கத்தால் ஆனது என்று நான் சொல்ல மாட்டேன், எத்தனையோ சங்கங்களின் உழைப்பு. ஆனால் சங்கங்களின் கூட்டமைப்பில் பேச உட்கார்ந்தபோது எங்களைப் போல ஒரு சிறு சங்கத்தின் தாளைத்தான் மேசை நடுவில் வைத்துப் பேசினார்கள்.

ஆகவே மனு எழுதும்போது: ஒரு பக்கம். ஒரே கோரிக்கை. மூன்று நிஜக் காகிதம். யாருக்கு அதிகாரம் இருக்கிறதோ அவருக்கு மட்டும். மாநிலம் செய்ய வேண்டியதை மத்திய அமைச்சருக்கு அனுப்பி, போட்டோ எடுத்துப் போட்டுப் பயனில்லை. பதினைந்து கோரிக்கை எழுதினால், அவர்களுக்குச் சுலபமான ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.

ரேட் அட்டை போடாதீர்கள்

எந்த ஜாப் ஒர்க் சங்கத்திலும் ஒருவர் எழுந்து, "எல்லாரும் சேர்ந்து ஒரே ரேட் போடுவோம், யாரும் குறைக்கக் கூடாது" என்பார். அவர் வலி எனக்குப் புரியும், பக்கத்துப் பட்டறைக்காரர் பத்து ரூபாய் குறைத்து ஜாப்பைத் தட்டிக்கொண்டு போயிருப்பார். ஆனால் போட்டியாளர்கள் கூடி விலை வைப்பது போட்டிச் சட்டம் 2002-ன் மூன்றாம் பிரிவு தடுக்கும் செயல், சங்கமும் மாட்டும். மருந்து வணிகர் சங்கங்களுக்குப் போட்டி ஆணையம் அபராதம் போட்டிருக்கிறது.

அதற்குப் பதில் செலவுக் கணக்கு சொல்லிக்கொடுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு கரும்பலகைதான். உதாரணத்துக்கு ஒரு சிஎன்சி: மாதத் தவணை 40,000, ஆப்பரேட்டர் சம்பளம் 22,000, வாடகையில் பங்கு 8,000, கரண்ட் 9,000, இன்சர்ட்டும் (இரும்பை வெட்டும் முனை) ஆயிலும் 11,000. மொத்தம் 90,000. மாதம் 300 மணி ஓடினால் மணிக்கு அடக்கம் 300 ரூபாய். ஆர்டர் இல்லாமல் 225 மணிதான் ஓடினால் 400. மணிக்கு 350 என்று ஜாப் எடுத்தவர் முதல் நிலையில் சம்பாதிக்கிறார், இரண்டாவதில் கைக்காசைப் போடுகிறார். இதை எழுதிக் காட்டியதும் பின் வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். போன் பேச என்று நினைத்தேன். திரும்பி வந்து, "ஆறு மாசமா நட்டத்துக்குத்தானுங்க ஓட்டிட்டு இருந்திருக்கேன்" என்றார். ஒருவருக்கொருவர் ரேட்டைச் சொல்லாமலேயே, அவரவர் தன் அடக்கத்தைத் தெரிந்துகொண்டால் அடிமாட்டு விலைக்கு ஜாப் எடுப்பது தானாகக் குறைகிறது.

நோட்டும் பதிவும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதியலாம், கமிட்டியின் காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. பதிவதில் காட்டுகிற வேகத்தை, வருஷா வருஷம் பதிவாளரிடம் கணக்கும் கமிட்டி மாற்றமும் தாக்கல் செய்வதில் பெரும்பாலோர் காட்டுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் ஐந்து வருஷம் தாக்கல் செய்யவில்லை. தலைவர் மாறியபோது, புதியவர் கையெழுத்தை பேங்க் ஏற்கவில்லை. கணக்கில் பணம் இருந்தும் வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை.

கூட்டக் குறிப்பில் "மின் கட்டணம் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று எழுதுவதால் ஒன்றும் நடக்காது. என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் இருக்க வேண்டும். அடுத்த கூட்டம் அந்த மூன்றைப் படிப்பதில் தொடங்க வேண்டும். கூட்டம் இரவு எட்டு மணிக்கு என்றால் பட்டறை நடத்தும் பெண்கள் வர மாட்டார்கள். நாங்கள் ஞாயிறு காலை பத்தரைக்கு மாற்றியதும் மூன்று பேர் கமிட்டிக்கே வந்தார்கள்.

வெளியிலிருந்து வரும் பயிற்சி

வெளிநாட்டு நிதியில் ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி நடக்கும், தலைவரும் செயலாளரும் போவார்கள். நல்ல விஷயங்கள் சொல்லித் தருகிறார்கள். ஆனால் பதவிக்காலம் முடிந்ததும் அந்தப் படிப்பு அவர்களோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. பயிற்சி தருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, ஒரு நாற்காலியாவது அலுவலக ஊழியருக்குக் கொடுங்கள் என்பதுதான். நான் அதிகம் கற்றது எங்களைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சங்கத்தின் அலுவலகத்தில் பத்து நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தபோது. புகாருக்கு எண் போடுவது, முடிந்தால் பச்சை மையில் கோடு இழுப்பது எல்லாம் அங்கே பார்த்ததுதான்.

பெரிய கனவுகளும் வேண்டும். திருப்பூருக்குத் தொலைவிலிருந்து ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்த திட்டத்தில், 1990-ல் தொடங்கிய அந்த ஊர் ஏற்றுமதியாளர் சங்கத்துக்குப் பங்கு உண்டு. தண்ணீர் வந்தது 2005-ல். பாகிஸ்தானில் சியால்கோட் வியாபாரிகள் கூடிப் பணம் போட்டு விமான நிலையமே கட்டினார்கள், 2007-ல் திறந்தார்கள். ஆனால் அவர்கள் நேராக விமான நிலையத்துக்குப் போகவில்லை. இருபது வருஷம் முன்பே கூடி ஓர் உலர் துறைமுகம் (கடல் இல்லாத ஊரிலேயே சுங்கச் சோதனை முடித்துச் சரக்கை அனுப்பும் இடம்) அமைத்து நடத்திக்காட்டியிருந்தார்கள். பொது மெஷின் மையம், சோதனைக்கூடம் என்று திட்டம் போடும் சங்கங்களுக்கு நான் சொல்வது: முதலில் ஒரு டிசி புத்தகத்தை மூன்று வருஷம் தடங்கல் இல்லாமல் நடத்துங்கள். அதில் பணம் கொடுத்துப் பழகியவர்கள் அடுத்ததற்கும் கொடுப்பார்கள்.

பீரோவின் இரண்டாவது தட்டு

நான் இப்போது அரை நாள்தான் போகிறேன். புதிதாக வந்திருக்கும் பெண்ணிடம் ஒப்படைக்க ஒரு பட்டியல் எழுதினேன். சமாதான், ஜிஎஸ்டி, மின்னஞ்சல் கடவுச்சொற்கள், அவை யார் போனுக்கு ஓடிபி அனுப்பும் என்பதோடு. ஓடிபி தலைவரின் சொந்த நம்பருக்குப் போகக் கூடாது, சங்கத்துக்கென்று ஒரு நம்பர் வேண்டும். பேங்க் கையெழுத்து இருவர். எந்தக் கோப்பு எந்தத் தட்டில். மூலப் பத்திரங்கள் யார் வீட்டுக்கும் போகக் கூடாது, நகல் மட்டுமே.

ஜாப் ஒர்க்குக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாக இருந்தபோது கோவைச் சங்கங்கள் பல வருஷம் மனுக் கொடுத்து, 2019 அக்டோபரில் 12 ஆனது. அன்று லட்டு கொடுத்தோம். அந்த மனுக்கள், உறுப்பினர் பில்கள், வந்த பதில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி வைத்தேன். "ஜெயிச்சாச்சே, இனி எதுக்கு?" என்றார் அப்போதைய செயலாளர். 2025 செப்டம்பரில் 12 சதவீத அடுக்கையே எடுத்தபோது எங்கள் வேலை மறுபடி 18-க்குப் போனது. கமிட்டி கூடிய அன்று அந்தப் பெண் எழுந்து பீரோவைத் திறந்து, இரண்டாவது தட்டிலிருந்து கோப்பை எடுத்துத் தூசி தட்டி மேசையில் வைத்தாள். அன்று கொடுத்த பில்காரர்களில் யார் யார் இன்னும் பட்டறை ஓட்டுகிறார்கள் என்று பதிவேட்டைப் பார்த்து, மறுநாள் காலை அவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தாள்.